மயங்கொலிச் சொற்கள்: செவியும் நாவும் எழுத்தும்



‘இம்மருந்தை நாள்தோறும் மூன்று வேளை உண்க’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மூன்று வேலை உண்க’ என்று ஒருவர் எழுதிவிட்டால், படிப்பவர் சிறிது நகைப்பார். பின்னர்ப் பொருளை ஊகித்துக்கொள்வார். எல்லாப் பிழைகளும் இவ்வாறு எளிதில் கடந்து போவதில்லை. புதிய நகரில் திசையறியாது நிற்கும் சிறுவன் ஒருவன், ‘எனக்கு வழி தெரியவில்லை’ என்பதற்கு மாறாக, ‘எனக்கு வலி தெரியவில்லை’ என்று கைப்பேசியில் எழுதி அனுப்புகிறான் எனக் கொள்வோம். வீட்டிலுள்ளோர் அவனுடைய நோவு தணிந்துவிட்டது என்று மகிழ்ந்து வாளா இருந்துவிடுவர். அவனோ தெருவிலேயே நின்றுகொண்டிருப்பான்.

சொற்களைத் தனித்தனியே நோக்கும் பிழைதிருத்தி இங்கே உதவாது. வழி, வலி, வளி ஆகிய மூன்றும் பிழையற்ற தமிழ்ச் சொற்கள். வழி என்பது பாதை. வலி என்பது நோவு, வலிமை எனவும் பொருள்படும். வளி என்பது காற்று. எழுதியவர் மனத்திலிருந்த சொல் எது என்பதை அக்கருவி அறியாது.

இவ்வாறு ஒலிப்பில் நெருங்கியிருந்து பொருளில் வேறுபடும் சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்கிறோம். தமிழின் 18 மெய்யெழுத்துகளுள் 8 எழுத்துகள் இம்மயக்கத்திற்கு இடமாகின்றன. அவை ல, ள, ழ என்னும் மூன்றும், ர, ற என்னும் இரண்டும், ண, ன, ந என்னும் மூன்றும் ஆகும். இவை வரும் சொற்களை அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்வோர் பலர். மனப்பாடம் ஓரளவு வேண்டியதே. ஆயினும், ஒவ்வோர் எழுத்தையும் ஒலிக்கும்போது நா எங்கே செல்கிறது என்பதை அறிந்துகொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டிய சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

நா தொடும் இடம்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயல் பிறப்பியல் ஆகும். எழுத்துகள் வாயில் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அவ்வியல் விளக்குகிறது. நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரமும், வருடினால் ளகரமும் தோன்றும் என்பது அதன் கருத்து. ஒற்றுதல் என்பது ஒட்டித் தொடுதல். வருடுதல் என்பது தடவிச் செல்லுதல். இதனாலேயே லகரத்தை ஒற்றல் லகரம் என்றும், ளகரத்தை வருடல் ளகரம் என்றும் ஆசிரியர்கள் கூறுவர்.

இப்போது ஒரு சிறு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைச் சற்று அகலத் திறந்து ‘பல்’ என்று கூறி, கடைசி ஒலியை நீட்டுங்கள். நாவின் நுனி மேற்பற்களுக்குச் சற்றுப் பின்னே ஒட்டியிருப்பது தெரியும். அடுத்து ‘முள்’ என்று கூறி நீட்டுங்கள். நுனி பின்னோக்கி வளைந்து மறைந்துவிடும். நாவின் அடிப்பக்கம் கண்ணாடியில் தோன்றும். இனி ‘தமிழ்’ என்று கூறுங்கள். நுனி மேலே எழுந்து வளையும். ஆனால் அண்ணத்தில் அழுந்தி ஒட்டாது. அழுத்தித் தொட்டீர்களாயின் ழகரம் ளகரமாக மாறிவிடும். மூன்று எழுத்துகளுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. கண்ணாடியின் முன் இரண்டு நிமிடம் நின்று பார்த்தவர்க்கு இதனை மீண்டும் விளக்க வேண்டியிருக்காது.

தொல்காப்பியர் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்துக் கூறியிருப்பதை நினைவிற் கொள்க. இரண்டும் நாவின் நுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பவை. இவ்வுறவு பின்னர் நமக்குப் பயன்படும்.

அண்டை மொழிகளும் நம் நாவும்

தில்லி, போபால், புனே, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் வாழும் நீங்கள், வீட்டில் தமிழும் வெளியே வேறொரு மொழியும் பேசுகிறீர்கள். வெளியே கேட்கும் மொழியில் இல்லாத ஒலியை நா எளிதில் மறந்துவிடும். இந்தியில் உள்ளது ஒரு லகரமே. எனவே இந்தி மிகுதியாகப் பேசும் சிறுவர் வாழை, வாளை, வாலை ஆகிய மூன்றையும் ‘வாலை’ என்றே ஒலித்துவிடுகின்றனர். அவர்களது அறிவிலோ முயற்சியிலோ குறை ஒன்றுமில்லை. செவி அந்த ஒலியைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதே காரணம்.

மராத்தி கற்போர்க்கு ளகரம் அயலானது அன்று. திலகரின் பெயரை மராத்தியர் ‘டிளக்’ என்று ளகரம் இட்டே எழுதுவர். புனேக்கு அருகிலுள்ள மலையூரின் பெயரும் ‘லோணாவளா’ என்பதே. குசராத்தியிலும் ஒடியாவிலும் ளகரம் உண்டு. வங்காளத்தில் ணகரத்திற்கும் னகரத்திற்கும் தனித்தனி எழுத்து இருந்தும் பேச்சில் ஒலி ஒன்றாகிவிட்டது. ஆகவே, எழுத்தும் ஒலியும் விலகிச் செல்லும் இத்தொல்லை தமிழர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா.

ழகரத்தின் கதை இன்னும் சுவையானது. கோழி என்னும் சொல்லை மலையாளத்தில் ‘கோழி’ என்றும், கன்னடத்தில் ‘கோளி’ என்றும், தெலுங்கில் ‘கோடி’ என்றும் வழங்குவர். ஏழு என்னும் எண் மலையாளத்திலும் ழகரத்தோடு ஒலிக்க, கன்னடத்தில் ‘ஏளு’ எனவும் தெலுங்கில் ‘ஏடு’ எனவும் நிற்கிறது. பழங்கன்னடத்தில் ழகரத்திற்குத் தனி எழுத்து இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. உங்கள் வகுப்பில் மலையாளம் பேசும் நண்பர் இருப்பாராயின், ‘மழ’, ‘புழ’ ஆகிய சொற்களை ஒலிக்கச் சொல்லிக் கேளுங்கள். மழையையும் ஆற்றையும் குறிக்கும் அச்சொற்களில் ழகரம் தெளிவாகக் கேட்கும்.

ஆங்கில எழுத்தில் ழகரத்தை ‘இசட் எச்’ என்னும் ஈரெழுத்தால் குறிப்பது வழக்கம். அதனைக் கண்டு ‘ஜ’ போல ஒலிப்பவர் உளர். அவ்வீரெழுத்து ஓர் அடையாளமே. அவற்றின் ஒலிக்கும் ழகரத்திற்கும் உறவில்லை. தேவநாகரியில் ளகரத்தின் கீழே ஒரு புள்ளியிட்டு ழகரத்தையும், ரகரத்தின் கீழே புள்ளியிட்டு றகரத்தையும், னகர ஒலிக்கு நகரத்தின் கீழே புள்ளியிட்டும் எழுதும் முறை உண்டு. இந்தி வழியே தமிழ் கற்கும் உங்கள் நண்பர்க்கு இதனைக் காட்டுக. இன்னோர் எச்சரிக்கை: சாலையைக் குறிக்கும் ‘சடக்’ என்னும் இந்திச் சொல்லின் நடுவில் வரும் ஒலியைச் சிலர் றகரம் என்று கருதுவர். அது ‘வீடு’ என்பதில் வரும் டகரத்திற்கு நெருங்கியது.

தமிழ்நாட்டிலும் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று பேசும் பகுதிகள் உண்டு. பேச்சு வழக்கு ஊர்தோறும் மாறும். அதற்காக எவரையும் எள்ளுதல் முறையன்று. எழுதும்போதும் அவையில் படிக்கும்போதும் எழுத்திற்குரிய ஒலியைப் பேணுதல் வேண்டும்.

எழுத்துகளின் குடும்பம்

கொல், கொள் என்னும் இரு வினைகளை எடுத்துக்கொள்வோம். இறந்த காலத்தில் கொல் என்பது கொன்றான் என்றும், கொள் என்பது கொண்டான் என்றும் ஆகும். செல் – சென்றான், வெல் – வென்றான், நில் – நின்றான், சுழல் – சுழன்றது. மறுபுறம், ஆள் – ஆண்டான், உருள் – உருண்டது, புரள் – புரண்டான். லகரத்தின் இடத்தில் ன், ற் வருகின்றன. ளகரத்தின் இடத்தில் ண், ட் வருகின்றன. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. ல, ன, ற மூன்றிற்கும் நாவின் நுனி பல்லீற்றை ஒட்டியே நிற்கிறது. ள, ண, ட மூன்றிற்கும் நுனி பின்னே வளைகிறது. நா தான் நின்ற இடத்தைவிட்டு நகராமலே அடுத்த ஒலிக்குச் செல்கிறது. எழுத்து நாவின் பின்னே செல்கிறது.

சொற்கள் புணரும்போதும் இதே உறவைக் காணலாம். கடல், கரை இரண்டும் சேர்ந்து கடற்கரை ஆகும். வாள், போர் இரண்டும் சேர்ந்து வாட்போர் ஆகும். பொன்னாலான குடம் பொற்குடம். மண்ணாலான குடம் மட்குடம். எனவே ஒரு சொல்லில் லகரமா ளகரமா என்னும் ஐயம் எழுந்தால், அதன் உறவுச் சொல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ‘சொற்பொழிவு’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே அது ‘சொல்’. ‘நாட்குறிப்பு’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே அது ‘நாள்’. ‘கேட்டான்’ என்கிறோம், ஆகவே ‘கேள்’.

ழகரம் இவ்விரு குடும்பங்களிலும் சேராது. அதன் உறவு ரகரத்தோடு. வாழ் – வாழ்ந்தான், தாழ் – தாழ்ந்தது, சூழ் – சூழ்ந்தது; அவ்வாறே சேர் – சேர்ந்தான், வளர் – வளர்ந்தது. இரண்டும் தம்மோடு தாம் இரட்டுவதில்லை. ‘ல்ல’, ‘ள்ள’ உண்டு. ‘ழ்ழ’ என்றோ ‘ர்ர’ என்றோ தமிழ்ச் சொல் கிடையாது. எனவே வெல்லம், வெள்ளம், பல்லி, பள்ளி போன்று ஒலி இரட்டிக்கும் இடத்தில் ழகரத்தைப் பற்றிய கவலையே வேண்டா. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். மேலும், ஈரொற்று அடுத்து வரும் இடத்தில் நிற்கும் ஆற்றல் ழகரத்திற்கும் ரகரத்திற்கும் உண்டு; ல், ள் ஆகியவற்றிற்கு இல்லை. வாழ்க்கை, வாழ்த்து, மகிழ்ச்சி, தாழ்ப்பாள் என்பவற்றில் ழகரத்தை ஐயமின்றி எழுதலாம்.

றகரம் வல்லினம். தன்னை அடுத்து இன்னொரு புள்ளியெழுத்தை அது ஏற்காது. ‘முயற்ச்சி’ என்றும் ‘பயிற்ச்சி’ என்றும் எழுதும் வழக்கம் பெரிய பலகைகளிலும் காணப்படுகிறது. முயற்சி, பயிற்சி என்பனவே சரியானவை. பார்க்க என்பதில் ரகரத்தின் பின் க் வந்தது. கற்க என்பதில் வரவில்லை. சொல்லின் இறுதியில் ற் வருவதும் இல்லை. ஊர், தேர், வேர் எல்லாம் ரகரமே.

சொல்லின் நடுவில் தனித்து வரும் ர, ற ஆகியவற்றின் வேறுபாடு இன்றைய பேச்சில் பலர்க்குச் செவியால் புலப்படுவதில்லை. அங்கும் உறவுச் சொல் உதவும். ஆறு – ஆற்றில், சோறு – சோற்றில், கயிறு – கயிற்றில், கிணறு – கிணற்றில் என விரியும்போது ‘ற்ற’ வெளிப்படுகிறது. மாறு – மாற்று, ஏறு – ஏற்று என்பனவும் அவ்வாறே. கரை, கறை, இரை, இறை, உரை, உறை, அரம், அறம் போன்றவற்றிற்கு இவ்வழி பயன்படாது. அவற்றைச் சொற்றொடரில் வைத்துக் கற்பதே நன்று: ஆற்றின் கரையில் அமர்ந்து ஆடையின் கறையைக் கழுவினாள்.

ண, ன, ந ஆகியவற்றைச் சிறுவர் ‘மூன்று சுழி’, ‘இரண்டு சுழி’ என்று அழைப்பர். எழுதும் கைக்கு அப்பெயர்கள் போதும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்னும் மரபுப் பெயர்கள் அவற்றினும் பயனுடையவை. ஒவ்வோர் எழுத்தின் பெயரிலும் அதன் இணையெழுத்து அடங்கியுள்ளது. டகரத்திற்கு முன் ண் வரும்: நண்டு, வண்டி. றகரத்திற்கு முன் ன் வரும்: கன்று, தென்றல். தகரத்திற்கு முன் ந் வரும்: பந்து, சந்தை. நெடுங்கணக்கிலும் ட ண, த ந, ற ன என இவை அடுத்தடுத்தே நிற்பதைக் காண்க. சொல்லின் முதலில் நகரம் மட்டுமே வரும். ண, ன வாரா. மணம், மனம், பணி, பனி, ஊண், ஊன் போன்றவற்றைப் பொருளறிந்து கற்க வேண்டும்.

முன்னாள், முந்நாள் என்னும் இரண்டையும் தனியே குறிப்பிட வேண்டும். முன்னாள் என்பது கடந்த நாள். முந்நாள் என்பது மூன்று நாள். அவ்வாறே மூன்று நூறுகள் சேர்ந்தது முந்நூறு. ‘முன்னூறு’ என்று எழுதினால் ‘முன்னே உள்ள நூறு’ என்றாகிவிடும். இது செவியால் அறிய இயலாத வேறுபாடு. பிரித்துப் பார்த்தே அறிய வேண்டும்.

எல்லாவற்றையும் பிழையென்று சுட்டிவிடுதலும் கூடாது. பவளம், பவழம் என்று இரு வடிவங்களும், மங்கலம், மங்களம் என்று இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. பொருள் மாறாத இடத்தில் பூசல் எதற்கு?

தம்பி தங்கையர்க்குக் கற்பித்தல்

மேலே கூறிய இலக்கணம் உங்களுக்குரியது. ஐந்து, ஆறு வயதுடைய தம்பிக்கோ தங்கைக்கோ இவற்றைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கற்க வேண்டிய வரிசை வேறு: முதலில் செவி, அடுத்து நா, அதன்பின் கண், இறுதியில் கை. எழுதத் தொடங்குமுன் கேட்டறியும் திறன் வாய்க்க வேண்டும். கேட்டறியாத வேறுபாட்டை எழுது என்று பணித்தால், குழந்தை ஊகித்தே எழுதும்.

தலை, தளை, தழை. கலை, களை, கழை என மும்மூன்றாக அடுக்கித் தரும் அட்டவணை, கற்றவர் நினைவுகூரப் பயன்படும். இளஞ்சிறார்க்கு அது மயக்கத்தையே பெருக்கும். தளை என்றால் விலங்கு என்பதும், கழை என்றால் மூங்கில் என்பதும் அவ்வயதில் தேவைப்படாதவை. குழந்தை அறிந்த இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்க. பல்லியும் பள்ளியும் நல்ல தொடக்கம். ஓர் அட்டையில் பல்லியின் படமும் மற்றோர் அட்டையில் பள்ளியின் படமும் வரைந்து குழந்தையின் முன் வையுங்கள். நீங்கள் ஒரு சொல்லைத் தெளிவாகக் கூற, குழந்தை உரிய படத்தைத் தொட வேண்டும். அது வாய் திறக்க வேண்டியதில்லை. பத்து முறையில் ஒன்பது முறை சரியாகத் தொடும்வரை இதனையே தொடர்க. உங்கள் வாயைப் பார்த்து விடை காணாதவாறு ஒருமுறை கையால் மறைத்தும் கூறிப் பாருங்கள்.

பின்னர் முறையை மாற்றுக. இப்போது குழந்தை கூறும், நீங்கள் தொடுவீர்கள். அது பள்ளியை நினைத்துக்கொண்டு ‘பல்லி’ என்று கூறினால், தயங்காமல் பல்லியின் படத்தைத் தொடுங்கள். ‘தவறு’ என்று சொல்ல வேண்டா, திருத்தவும் வேண்டா. தான் எண்ணியது ஒன்று, பிறர் கேட்டது ஒன்று என்பதை அது தானே காணும். நாவைச் சற்று வளைத்து மீண்டும் கூறும். நூறு முறை கண்டிப்பதைவிட இந்த ஒரு கணம் மிகுதியாகக் கற்பிக்கும்.

கிளி – கிழி, இலை – இழை, மரம் – மறம் என எல்லாவற்றையும் இம்முறையில் கற்பிக்க இயலுமா எனில், இயலாது. படம் வரையத்தக்க சொல்லும் செவிக்குப் புலப்படும் ஒலியும் அமைந்தால்தான் இது பயன்தரும். ஆகையால் இளஞ்சிறார்க்கு ல, ள வேறுபாட்டை முதலிலும், ழகரத்தைச் சில வாரம் கழித்தும் கற்பிக்கலாம். ண, ன ஆகியவற்றை அதன்பின் தொடங்கலாம். ந, ன வேறுபாட்டையும், தனித்து வரும் ர, ற வேறுபாட்டையும் செவியால் உணரும்படி அவர்களை வருத்துதல் தகாது. அவை எழுத்துப் பயிற்சியில் அமைபவை.

ழகரம் வாய்க்காத குழந்தைக்குச் சிறு தொடர்களைச் சொல்லிக் கொடுக்கலாம். ‘மழை பொழியும் பொழுது கோழி குழியில் விழாமல் வழி விலகியது’ என்பது போல நீங்களே ஒன்று புனையலாம். மெல்லச் சொல்லத் தொடங்கி, ஒலி பிறழாத வரையில் விரைவைக் கூட்டுக. பிறழ்ந்ததும் நிறுத்திவிடுக, பிறழ்ந்தவாறே விரைந்து சொல்லிப் பழகினால் பிழையே படிந்துவிடும்.

பயிற்சி

போபாலில் வாழும் சிறுவன் ஒருவன் தன் பாட்டிக்கு எழுதுவது போன்ற மடல் கீழே தரப்பட்டுள்ளது. இதில் 9 இடங்களில் மயங்கொலிப் பிழைகள் உள்ளன.

‘அன்புள்ள பாட்டிக்கு, நேற்று இங்குக் கடும் பணி மூடியிருந்தது. காலை வேலையில் பல்லிப் பேருந்து வரவில்லை. நானும் தங்கையும் ஏறிக்கரை வழியே நடந்து சென்றோம். மறங்களில் அமர்ந்திருந்த கிழிகளின் ஒளி கேட்பதற்கு இனிமையாக இருந்தது. தங்கையின் மணம் மகிழ்ந்தது. நான் சேமித்துள்ள முன்னூறு ரூபாயில் உங்களுக்கு ஒரு நூல் வாங்கி வருவேன்.’

பிழைகளைத் திருத்தி மடலை மீண்டும் எழுதுக. தவறாக வந்துள்ள ஒவ்வொரு சொல்லும் உணர்த்தும் பொருள் யாது என்பதை எதிரே குறிக்க. பின்னர், திருத்திய மடலை உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் எழுதிக்கொள்ளும்படி உரக்கப் படித்து, அவர் எழுதியதை உங்கள் படியோடு ஒப்பிட்டுப் பார்க்க.